சிறு பாலூட்டிகளின் உடல் வெப்பமும் ஹார்மோன்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலி, சுண்டெலி, ஹாம்ஸ்டர், மூஞ்சூறு போன்ற சின்னஞ்சிறு பாலூட்டிகள் குளிரில் எப்படி உடலைச் சூடாக வைத்துக்கொள்கின்றன, அதில் ஹார்மோன்களின் பங்கு என்ன என்று மாணவர்களும் ஆர்வலர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

உடல் வெப்பம் சிறிய விலங்குகளுக்கு ஏன் இத்தனை பெரிய சிக்கல்?

ஒரு குடம் வெந்நீரையும் ஒரு தம்ளர் வெந்நீரையும் ஒரே திண்ணையில் வைத்தால், தம்ளரில் இருப்பதுதான் முதலில் ஆறும். உடலின் எடை குறையும் அதே விகிதத்தில் அதன் மேற்பரப்பு குறைவதில்லை என்பதால், சிறிய உடல் தன் எடையோடு ஒப்பிட மிக அதிகமான வெப்பத்தைத் தோல் வழியாக இழக்கிறது. தடித்த ரோமத்தால் இந்த இழப்பை ஈடுகட்டவும் வழியில்லை. 20 கிராம் எடையுள்ள சுண்டெலி ஓர் ஆட்டுக்குரிய அளவு கம்பளியைப் போர்த்திக்கொண்டால் அதனால் நடக்கவே முடியாது.

ஆகவே இழப்பைக் குறைப்பதைவிட உற்பத்தியைக் கூட்டுவதே சிறிய விலங்குகளுக்கு உகந்த வழியாகிறது. ஓய்வில் இருக்கும் பாலூட்டி செலவிடும் ஆற்றல் அதன் எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது, அதாவது எடை குறையும் அளவுக்குச் செலவு குறைவதில்லை என்று உடலியலாளர் மாக்ஸ் கிளைபர் 1932இல் காட்டினார். அந்தக் கணக்குப்படி, ஒரு கிலோ சுண்டெலி உடல் ஒரு கிலோ மனித உடலைப்போல் ஏழு மடங்குக்கு மேல் எரிபொருளைச் செலவிடுகிறது. நம் வீட்டு மூலைகளில் ஓடும் மூஞ்சூற்றின் பேரினத்தையே சேர்ந்த எத்ருஸ்கன் மூஞ்சூறு சுமார் 2 கிராம் எடைதான் இருக்கும். அதன் இதயம் நிமிடத்துக்கு 1,500 முறை வரை துடிப்பது பதிவாகியுள்ளது.

வெப்பம் உடலில் எந்தெந்த வழிகளில் உண்டாகிறது?

முதலாவது, உயிரோடு இருப்பதன் உடன்விளைவாகவே உண்டாகும் வெப்பம். கல்லீரல், மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவை தம் வேலையைச் செய்யும்போது இது கசிந்துகொண்டே இருக்கிறது. குளிரோ கோடையோ, இதை நிறுத்த முடியாது. இரண்டாவது, தசைகள் பயனேதும் இல்லாமல் சுருங்கி விரியும் குளிர் நடுக்கம். மூன்றாவது, தசை அசையாமலேயே வெப்பத்துக்காக மட்டும் எரிபொருளை எரிக்கும் நடுக்கமில்லா வெப்ப உற்பத்தி.

நடுக்கம் உடனடியாகக் கைகொடுக்கும், ஆனால் அது ஓர் அவசர ஏற்பாடு. நடுங்கிக்கொண்டே ஒரு எலியால் இரை தேடவோ, குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவோ இயலாது. சில வாரங்கள் குளிரில் வாழ்ந்த எலியில் நடுக்கம் படிப்படியாகக் குறைந்து, மூன்றாவது வழி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஹார்மோன்களின் கதை பெரும்பாலும் இந்த மூன்றாவது வழியைச் சுற்றியே நடக்கிறது.

நடுங்காமலே வெப்பம் உண்டாகிறது என்பதை எப்படி உறுதிசெய்தார்கள்?

தசைகளைச் செயலிழக்கச் செய்துவிட்டுப் பார்த்தார்கள். தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு முனையில் தடவிய கியூராரே என்ற நஞ்சு, நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுக்கிறது. குளிரில் பழக்கப்பட்ட எலிக்கு அதைக் கொடுத்து, செயற்கையாக மூச்சுவிடச் செய்து, குளிருக்கு உட்படுத்தினால், ஒரு தசைநார்கூட அசையாத நிலையிலும் அதன் ஆக்சிஜன் நுகர்வு ஏறியது. குளிரில் பழகாத எலியில் இந்த ஏற்றம் காணப்படவில்லை.

அடுத்து, நரம்பு நுனிகளும் அட்ரீனல் சுரப்பியும் வெளியிடும் நார்அட்ரினலின் என்ற பொருளை மெதுவாக இரத்தத்தில் செலுத்தினால் இதே ஏற்றம் குளிரே இல்லாமலும் நிகழ்வதை ஹ்சியேவும் கார்ல்சனும் 1957இல் வெளியிட்டனர். குளிரில் பழகிய எலிகளில் அந்த ஏற்றம் மிகப் பெரிதாக இருந்தது. கட்டளை எது என்பது அன்றே தெரிந்துவிட்டது; அந்தக் கட்டளையை ஏற்று எரியும் உறுப்பு எது என்று தெளிய மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

அந்த உறுப்புதான் பழுப்புக் கொழுப்பா? அது எங்கே இருக்கிறது?

ஆம். ஒரு சுண்டெலியின் முதுகுத் தோலை இரு தோள்பட்டைகளுக்கு இடையே விலக்கிப் பார்த்தால், வெண்கொழுப்பின் மெல்லிய போர்வைக்கு அடியில் இறக்கை விரித்த பட்டாம்பூச்சியைப் போன்ற இரு மடல்கள் தெரியும். நிறம் பழுப்பு, குளிரில் வளர்ந்த விலங்கானால் கல்லீரலின் நிறத்தை நெருங்கும். எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இரு மடல்களிலிருந்தும் வெளிவரும் ஒரு தடித்த சிரை, சூடேறிய இரத்தத்தை நேராக இதயம் நோக்கிக் கொண்டுசெல்கிறது. கழுத்திலும், பெருந்தமனியை ஒட்டியும், சிறுநீரகத்தைச் சுற்றியும் சிறுசிறு திட்டுகளாக இதே திசு காணப்படுகிறது. குளிர்ந்தால் உயிர் போகும் உறுப்புகளுக்குப் பக்கத்திலேயே அடுப்பு வைக்கப்பட்டிருக்கிறது.

சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர் கொன்ராட் கெஸ்னர் 1551இலேயே மர்மோட் என்ற மலைவாழ் கொறித்துண்ணியின் உடலில் இதைக் கண்டு, கொழுப்பும் அல்லாத தசையும் அல்லாத ஒன்று என்று எழுதிவைத்தார். அதன் பிறகு நான்கு நூற்றாண்டுகள் இது தைமஸ் சுரப்பியின் ஒரு பகுதி என்றும், குளிர்கால உறக்கச் சுரப்பி என்றும் பலவாறாகக் கருதப்பட்டது. இது வெப்பம் தரும் திசு என்ற கருத்தை ராபர்ட் ஸ்மித் 1961இல் முன்வைத்தபோதும், இவ்வளவு சிறிய திசுவால் ஓர் உடலையே சூடாக்க முடியுமா என்ற ஐயத்தால் பெரும்பாலோர் தசையையே நம்பினர்.

கனடாவில் டேவிட் ஃபாஸ்டரும் லொரெய்ன் ஃப்ரைட்மனும் 1978இல் அந்த ஐயத்தைத் தீர்த்தனர். கதிரியக்கம் ஏற்றிய நுண்மணிகளை எலியின் இரத்தத்தில் கலந்து, எந்தத் திசுவுக்கு எவ்வளவு இரத்தம் போகிறது என்று அளந்தார்கள். நார்அட்ரினலின் ஏற்றிய, குளிரில் பழகிய எலியில், இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பழுப்புக் கொழுப்புக்கே சென்றது. கூடுதலாக உண்டான வெப்பத்தில் பாதிக்கு மேல் அதன் கணக்கில் சேர்ந்தது. தசையின் கட்சி அத்தோடு ஓய்ந்தது.

பழுப்புக் கொழுப்பு எரிபொருளை எப்படி நேரடியாக வெப்பமாக மாற்றுகிறது?

ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு உணவை எரித்து, அந்த ஆற்றலைக் கொண்டு புரோட்டான்களை உட்சவ்வுக்கு அப்பால் தள்ளுகிறது. அணையில் தேங்கிய நீர் மதகு வழியே இறங்கிச் சக்கரத்தைச் சுற்றுவதுபோல, அந்தப் புரோட்டான்கள் ஒரு நொதியின் வழியே திரும்பும்போது ஏ.டி.பி. என்ற ஆற்றல் நாணயம் உருவாகிறது. பழுப்புக் கொழுப்பின் மைட்டோகாண்ட்ரியாவில் யூ.சி.பி-1 என்ற புரதம் இன்னொரு வழியைத் திறந்துவிடுகிறது. புரோட்டான்கள் சக்கரத்தைத் தொடாமலேயே கரை உடைந்ததுபோல் திரும்பிப் பாய்கின்றன, ஏ.டி.பி. உருவாவதில்லை, ஆற்றல் முழுவதும் வெப்பமாகிவிடுகிறது. அணை நிரம்பாததால் எரிப்பும் தடையின்றித் தொடர்கிறது.

திசுவின் பழுப்பு நிறத்துக்குக் காரணமும் இதுவே. ஓர் உயிரணுவுக்குள் நெருக்கமாக அடைந்திருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள இரும்புச்சத்து நிறைந்த புரதங்களும், நெருக்கமான இரத்த நுண்குழாய்களும் சேர்ந்து அந்த நிறத்தைத் தருகின்றன.

நார்அட்ரினலின் இரத்தத்தில் வரும் ஹார்மோனா, நரம்பு விடும் செய்தியா?

இரண்டும்தான், ஆனால் இங்கே நரம்பு விடும் செய்தியே முதன்மையானது. தோலில் உள்ள குளிர் உணர்வு நரம்புகள் சொல்லும் செய்தி, உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியான ஹைப்போதாலமஸின் முன்பகுதியை அடைகிறது. அங்கிருந்து மூளைத்தண்டு, தண்டுவடம் வழியாக, நம் விருப்பத்துக்கு உட்படாமல் உள்ளுறுப்புகளை முடுக்கும் பரிவு நரம்புகளுக்குக் கட்டளை போகிறது. அந்த நரம்பு நுனிகள் ஒவ்வொரு பழுப்புக் கொழுப்பு அணுவின் அருகிலும் நார்அட்ரினலினைச் சொட்டுகின்றன. அணுவின் பரப்பில் உள்ள பீட்டா-3 ஏற்பி அதைப் பெற்றுக்கொண்டு, உள்ளே சுழல் ஏ.எம்.பி. என்ற தூதுவரைப் பெருக்குகிறது. சேமித்த கொழுப்பு கரைந்து கொழுப்பு அமிலங்களாகிறது. அவை எரிபொருளாகவும் இருக்கின்றன, மூடியிருந்த யூ.சி.பி-1இன் கதவைத் திறக்கும் சாவியாகவும் இருக்கின்றன. ஒரே பொருள் விறகாகவும் தீக்குச்சியாகவும் இருக்கும் இந்த அமைப்பு, உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த சிக்கன ஏற்பாடுகளில் ஒன்று.

நரம்பின் முதன்மையைக் காட்ட ஓர் எளிய சோதனை உண்டு. பட்டாம்பூச்சியின் இரு மடல்களுக்கும் தனித்தனி நரம்புக் கற்றைகள் செல்வதால், ஒரு பக்கத்து நரம்பை மட்டும் வெட்டிவிட்டு விலங்கைக் குளிரில் வைக்கலாம். இரு மடல்களுக்கும் வருவது ஒரே இரத்தம், அதில் இருப்பவை ஒரே ஹார்மோன்கள். ஆனால் நரம்புள்ள மடல் தடித்துக் கருக்கிறது. நரம்பிழந்த மடலில் யூ.சி.பி-1 பெருகாமல், அது வெளிறியே கிடக்கிறது.

இன்னொரு செய்தி: வெண்குருதி அணுக்களில் ஒரு வகையே நார்அட்ரினலினைத் தயாரித்துக் கொழுப்புக்குக் கொடுக்கிறது என்று 2011இல் வெளியான ஆய்வு பெரும் கவனம் பெற்றது. பல ஆய்வகங்கள் கூடிச் சோதித்து 2017இல் அதை மறுத்துவிட்டன. இன்றும் சில பாடக்குறிப்புகளில் பழைய கருத்து அப்படியே இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்படியானால் தைராய்டு ஹார்மோன் எங்கே வருகிறது?

நார்அட்ரினலின் தீ மூட்டுகிறது என்றால், அடுப்பையும் விறகையும் ஈரமில்லாமல் வைத்திருப்பது தைராய்டு. தைராய்டு சுரப்பியை நீக்கிய எலியைக் குளிரில் விட்டால் சில நாட்களில் இறந்துவிடும். அதன் நரம்புகள் நார்அட்ரினலினை வாரி இறைத்தபோதும் பழுப்புக் கொழுப்பு போதிய அளவில் பதில் சொல்வதில்லை. கட்டளை இருக்கிறது, கேட்கும் காது இல்லை.

சுரப்பி வெளியிடுவதில் பெரும்பங்கு நான்கு அயோடின் அணுக்களைக் கொண்ட தைராக்சின், அதாவது டி-4. அது ஒரு கையிருப்பு வடிவம் மட்டுமே. ஓர் அயோடின் நீங்கி டி-3 ஆனால்தான் உயிரணுவின் உட்கருவில் உள்ள ஏற்பியோடு வலுவாக இணைந்து மரபணுக்களை இயக்கும். பழுப்புக் கொழுப்பு இந்த மாற்றத்துக்காக இரத்தத்தில் வரும் டி-3ஐ மட்டும் நம்பிக் காத்திருப்பதில்லை. அயோடினை நீக்கும் இரண்டாம் வகை நொதி அதன் அணுக்களுக்குள்ளேயே உண்டு. நார்அட்ரினலின் வந்து சேர்ந்ததும் சில மணி நேரத்தில் அந்த நொதியின் செயல் பல மடங்கு பெருகுகிறது என்பதை என்ரிக்கே சில்வாவும் ரீட் லார்சனும் 1983இல் கண்டறிந்தனர்.

இதன் பொருளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இரத்தத்தில் டி-3இன் அளவை ஏற்றினால் இதயம், கல்லீரல், மூளை என்று உடல் முழுவதும் அதன் விளைவைச் சுமக்கும். பழுப்புக் கொழுப்போ, இரத்தத்தின் அளவைப் பெரிதாகக் கலைக்காமல், தன் நான்கு சுவர்களுக்குள் மட்டும் டி-3ஐ உயர்த்திக்கொள்கிறது. அந்த டி-3 யூ.சி.பி-1 மரபணுவைத் தூண்டுகிறது. நார்அட்ரினலினுக்கு அணு காட்டும் உணர்திறனையும் கூட்டுகிறது. அதனால் நொதி மேலும் பெருகுகிறது. நரம்பும் ஹார்மோனும் ஒன்றையொன்று கைதூக்கிவிடுகின்றன. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றதால் தனித்து இந்த உயரத்தை எட்ட முடியாது. அந்த நொதிக்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகளின் உடல் வெப்பம் குளிரில் சரிந்ததையும், அவை நடுங்கியே உயிர் பிழைத்ததையும் 2001இல் வெளியான ஆய்வு காட்டியது.

தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் பழுப்புக் கொழுப்பு இன்னும் வேகமாக எரியுமா?

அப்படித்தான் தோன்றும், ஆனால் பெரும்பாலும் நேர்மாறாகவே நடக்கிறது. தைராய்டு மிகுந்த விலங்கில் கல்லீரல், இதயம், தசை ஆகியவற்றின் அன்றாடச் செலவே கூடிவிடுகிறது. உயிரணுச் சவ்வுகளில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும், தசையில் கால்சியத்தையும் ஓயாமல் ஏற்றி இறக்கும் புரத எக்கிகள் அதிகம் உழைக்கின்றன. வீடு முழுவதும் ஏற்கெனவே சூடாக இருந்தால் அடுப்பை மூட்டத் தேவையில்லை என்பதுபோல், பழுப்புக் கொழுப்புக்குப் போகும் நரம்புக் கட்டளை குறைகிறது. தைராய்டு குன்றிய விலங்கில் கட்டளை உரக்க ஒலிக்கிறது, செயல் குறைவு. தைராய்டு மிகுந்ததில் செயலாற்றும் திறன் இருக்கிறது, கட்டளை இல்லை.

ஆனால் தைராய்டு ஹார்மோன் மூளைக்குள் செய்யும் வேலை வேறு. ஹைப்போதாலமஸின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் டி-3ஐச் செலுத்தினால் பழுப்புக் கொழுப்புக்குச் செல்லும் பரிவு நரம்பின் செயல் கூடுகிறது என்பதை 2010இல் எலிகளில் காட்டினார்கள். ஒரே ஹார்மோன் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் சொல் மாறுகிறது.

லெப்டின் வெப்பத்தைக் கூட்டும் ஹார்மோன்தானே?

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் 1949இல் ஓயாமல் தின்று கொழுக்கும் சுண்டெலி வகையொன்று கண்டறியப்பட்டது. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு, அதற்கு இல்லாமல் போனது கொழுப்புத் திசு சுரக்கும் ஒரு ஹார்மோன் என்று கண்டது; பின்னர் அதற்கு லெப்டின் என்று பெயரிட்டது. அந்தச் சுண்டெலியின் உடல் வெப்பம் சாதாரணமாகவே ஓரிரண்டு டிகிரி தாழ்ந்திருக்கும். 4 டிகிரி செல்சியஸ் குளிரில் திடீரென்று விட்டால் சில மணி நேரத்தில் இறந்துவிடும். லெப்டின் கொடுத்தால் வெப்பம் ஏறும். ஆகவே லெப்டின் வெப்ப உற்பத்தியைக் கூட்டுகிறது என்று பாடநூல்களில் இடம்பிடித்தது.

2016இல் வெளியான ஓர் ஆய்வு அந்த முடிவை அசைத்தது. லெப்டின் பெற்ற சுண்டெலியில் எரிப்பு கூடியதைவிட வெப்ப இழப்புக் குறைந்ததே உடல் சூட்டுக்குக் காரணம் என்று அது காட்டியது. அடுப்பில் விறகைத் திணிக்காமல் சன்னலைச் சாத்தியதாக வைத்துக்கொள்ளலாம். குறைந்த வெப்பநிலையில் படிப்படியாகப் பழக்கினால், லெப்டின் இல்லாத சுண்டெலியும் குளிரைத் தாங்கிவிடுகிறது என்பதும் இந்தப் பார்வைக்குத் துணை நிற்கிறது.

மற்ற ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டா?

உண்டு, பெரும்பாலும் துணைப் பங்கு. அட்ரீனல் சுரப்பியின் புறணி சுரக்கும் கார்ட்டிகோஸ்டிரோன் எரிபொருளைத் திரட்டித் தருகிறது. அட்ரீனல் நீக்கப்பட்ட எலி குளிரைத் தாங்குவதில்லை. இன்சுலின் பழுப்புக் கொழுப்புக்குள் குளுக்கோஸ் நுழைய வழிசெய்கிறது.

குளிர்காலம் வருவதை உடல் முன்கூட்டியே அறிந்துகொள்ளுமா?

அறிந்துகொள்ளும், அதற்கு நல்ல சாட்சி மேற்குச் சைபீரியாவிலும் கசகஸ்தானிலும் உள்ள புல்வெளிகளில் வாழும் சுங்காரிய ஹாம்ஸ்டர். உள்ளங்கைக்குள் அடங்கும் இந்த விலங்கு கோடையில் சாம்பல் பழுப்பு நிறத்தில் இருக்கும். பகல் குறுகக் குறுக அதன் ரோமம் வெண்மையாகிறது, எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, நடுங்காமல் வெப்பம் உண்டாக்கும் திறன் ஏறுகிறது. ஜெர்மனியின் மார்புர்க் நகரில் பணியாற்றிய கெர்ஹார்ட் ஹெல்ட்மயரும் அவரது குழுவினரும் இந்த மாற்றங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். அறையின் வெப்பநிலையை மாற்றாமல் விளக்கு எரியும் நேரத்தை மட்டும் குறைத்தாலே பழுப்புக் கொழுப்பு வலுப்பெறத் தொடங்கிவிடுகிறது என்பதுதான் வியப்பு. குளிர் தொடும் முன்பே அடுப்பு தயாராகிவிடுகிறது.

நாட்காட்டியைப் பார்த்துச் சொல்வது மெலட்டோனின். மூளைக்குள் இருக்கும் பினியல் சுரப்பி அதை இரவில் மட்டும் சுரக்கிறது. இரவு நீண்டால் சுரக்கும் நேரமும் நீளும். பிட்யூட்டரியின் ஒரு பகுதி அந்த நீளத்தைக் கணக்கிட்டு ஹைப்போதாலமஸுக்குச் சொல்கிறது. அங்கே டி-3ஐ உருவாக்கும் நொதிக்கும் அழிக்கும் நொதிக்கும் இடையிலான சமநிலை மாறி, மூளையின் அந்தச் சிறு பகுதியில் டி-3 குறைகிறது. அந்தக் குறைவே உடலுக்குக் குளிர்காலம். ஹைப்போதாலமஸில் டி-3 கசியும் சிறு வில்லையைப் பதித்து வைத்தால், குறுகிய பகலிலும் ஹாம்ஸ்டர் எடை குறைவதில்லை, உடல் வெப்பத்தைத் தாழ்த்திக் கிடக்கும் பகல் நேர மந்தநிலைக்குள்ளும் போவதில்லை. ஆக, பழுப்புக் கொழுப்பில் டி-3 ஏறினால் குளிரை எதிர்கொள்ளும் திறன். மூளையில் டி-3 இறங்கினால் குளிர்காலத்துக்கான ஆயத்தம்.

மந்தநிலை என்பதும் குளிர்கால உறக்கமும் ஒன்றா?

ஒரே குடும்பம், அளவு வேறு. சுங்காரிய ஹாம்ஸ்டர் பகலில் சில மணி நேரம் மட்டும் உடல் வெப்பத்தை 20 டிகிரிக்கும் கீழே விட்டுவிட்டு, மாலையில் விழித்துத் தீனி தேடப் போகிறது. இது நாள்மந்தம். ஆர்க்டிக் தரை அணில் நாட்கணக்கில், வாரக்கணக்கில் அந்நிலையில் கிடக்கும். அதன் உடல் வெப்பம் உறைநிலைக்குக் கீழே மைனஸ் 2.9 டிகிரி வரை சென்றதை அலாஸ்காவில் பிரையன் பார்ன்ஸ் 1989இல் பதிவுசெய்தார்.

பழுப்புக் கொழுப்பின் உச்சகட்ட உழைப்பை இங்கேதான் காணலாம். உறக்கத்திலிருந்து எழும்போது பரிவு நரம்புகள் விழித்து நார்அட்ரினலினைப் பொழிகின்றன. இரத்தம் முதலில் முன்னுடலுக்கு மட்டும் ஓடுகிறது. இதயமும் மூளையும் சூடேறி முன்கால்கள் அசையத் தொடங்கும்போது பின்கால்கள் இன்னும் சில்லென்று கிடக்கும். பிறகு நடுக்கமும் சேர்ந்துகொள்ள, சில மணி நேரத்தில் முழு உடலும் 37 டிகிரியை எட்டுகிறது. குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்துவைத்த கொழுப்பில் பெரும்பகுதி இந்த விழிப்புகளிலேயே தீர்ந்துபோகிறது.

பிறந்த குட்டிகள் எப்படிச் சமாளிக்கின்றன?

எலிக்குட்டி ரோமமின்றி, கண் திறவாமல் பிறந்தாலும் பழுப்புக் கொழுப்போடுதான் பிறக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து படுத்து, மேலிருப்பது உள்ளே நுழைவதும் உள்ளிருப்பது வெளியே வருவதுமாக இழப்பைக் குறைத்துக்கொள்கின்றன. தங்க ஹாம்ஸ்டர் குட்டிகளிலோ பழுப்புக் கொழுப்பு பிறந்து இரண்டு வாரங்கள் அளவில்தான் செயல்படத் தொடங்குகிறது. அதுவரை அவை கூட்டையும் தாயையுமே நம்பியிருக்கின்றன. பன்றிக்குட்டியின் நிலை இன்னும் விசித்திரமானது. பன்றிகளின் மூதாதையரிடம் யூ.சி.பி-1 மரபணு பல பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே சிதைந்துபோனது. பண்ணைகளில் பன்றிக்குட்டிகளுக்கு விளக்கு வைத்துச் சூடு காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாயிடம் நேர்மாறான மாற்றம் நிகழ்கிறது. பால் சுரப்பதே பெரும் வெப்பத்தை உண்டாக்கும் வேலை என்பதால், பாலூட்டும் சுண்டெலியில் பழுப்புக் கொழுப்பு ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது. அந்த வேளையில் அதன் சிக்கல் குளிரல்ல, சூடு.

இந்த ஆய்வுகளை வைத்து மனிதர்களின் உடற்பருமனைக் குறைக்கலாமா?

எலிகளில் பீட்டா-3 ஏற்பியைத் தூண்டும் மருந்துகள் அருமையாக வேலை செய்தன. மனிதர்களில் அந்த வெற்றி கைகூடவில்லை. வளர்ந்த மனிதரிடமும் செயல்படும் பழுப்புக் கொழுப்பு உண்டு என்பது 2009இல் வெளியான ஆய்வுகளால் உறுதியானது, ஆனால் உடல் எடையோடு ஒப்பிட அது எலியிடம் இருப்பதைவிட மிகக் குறைவு. எடை குறைக்க மருத்துவர் சொல்லாமல் தைராய்டு மாத்திரை விழுங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். மேலே பார்த்தபடி அது பழுப்புக் கொழுப்பை மட்டும் தேடிப் போவதில்லை, இதயத்தையும் விரட்டுகிறது. 1930களில் எடைக் குறைப்புக்குப் பயன்பட்ட டைநைட்ரோபீனால், யூ.சி.பி-1 பழுப்புக் கொழுப்புக்குள் மட்டும் செய்யும் வேலையை உடல் முழுவதும் கட்டுப்பாடின்றிச் செய்தது. சிலர் உடல் சூடேறியே இறந்தனர்.

ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கூண்டு எந்த வெப்பநிலையில் இருந்தது என்பதை. ஆய்வகங்கள் பொதுவாக 20 முதல் 22 டிகிரி வரை வைக்கப்படுகின்றன. அது உடை உடுத்திய மனிதருக்கு இதமானது. சுண்டெலிக்கு இதமான வெப்பநிலை 30 டிகிரியை ஒட்டியது. அதைவிடக் குளிர்ந்த கூண்டில் வாழும் சுண்டெலி, தான் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய பாதியை உடலைச் சூடாக வைக்கவே செலவிடுகிறது. அதன் நார்அட்ரினலின், தைராய்டு, பழுப்புக் கொழுப்பு எல்லாம் எப்போதும் பாதி முடுக்கிய நிலையிலேயே இருக்கின்றன. அதைத்தான் நாம் இயல்பு நிலை என்று எழுதிக்கொள்கிறோம்.

யூ.சி.பி-1 இல்லாத சுண்டெலிகளின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1997இல் அவை முதன்முதலாக உருவாக்கப்பட்டபோது குளிரைத் தாங்கவில்லை, ஆனால் கொழுக்கவும் இல்லை. ஆகவே பழுப்புக் கொழுப்புக்கும் பருமனுக்கும் தொடர்பில்லை என்று பலர் எண்ணினர். 2001இல் அவற்றை முதலில் 18 டிகிரியில் பழக்கிவிட்டு 4 டிகிரிக்குக் கொண்டுபோனபோது, நடுங்கிக்கொண்டே வாரக்கணக்கில் உயிர் வாழ்ந்தன. 2009இல் அவற்றை 30 டிகிரியில் வளர்த்தபோது பருமனாயின. விலங்கும் மரபணுவும் மாறவில்லை. மூன்று முறையும் மாறியது அறையின் வெப்பமானி காட்டிய எண்தான்.